இலச்சினை யாருடைய சொத்து?

வர்த்தகக் குறி என்றதும் எம்மவர் பலருக்கும் நினைவுக்கு வருவது தமது பொருளின் பெயர்தான். அந்தப் பெயரை அடுத்த கடைக்காரர் போட்டுவிட்டால் உடனே சட்டத்தரணியைத் தேடி ஓடுகிறோம். ஆனால் எமது பக்கட்டின் மூலையில் நாமே அச்சிட்டிருக்கும் வட்டம், சிங்கம், சிலுவை, பிறை என்பன யாருடையவை என்று எத்தனை பேர் விசாரித்திருக்கின்றோம்? நிறுவனங்களின் இலச்சினை மீதான உரிமையை இவ்வாரம் பார்ப்போம்.

நான் பொதி அச்சிடும் தொழிலில் பல வருடங்களாக இருப்பவன். அண்மையில் தேயிலை பக்கட் அடிக்க ஓர் இளம் சகோதரர் வந்தார். பெயர், நிறம், எழுத்து எல்லாம் சரி. கடைசியில், "நாநா, அந்த வாள் புடிச்ச சிங்கத்தையும் ஒரு மூலையில போட்டுத் தாங்க, அது இல்லாட்டி வெளிநாட்டுச் சனம் வாங்காது" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. சிங்கத்துக்கு மதிப்பிருக்கிறது. அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

அந்தச் சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபையின் சொத்து. தேயிலை நூற்றுக்கு நூறு இலங்கையில் விளைந்ததாக இருக்க வேண்டும். நுகர்வோர் கையில் எடுக்கும் பக்கட்டாக இங்கேயே பொதி செய்யப்பட வேண்டும். சபையின் தரத்துக்கு அமைய வேண்டும். இவற்றை நிறைவேற்றி அனுமதி பெற்றவரே அதைப் போடலாம். நல்ல இலங்கைத் தேயிலையையே மூட்டையாக ஏற்றி வேறொரு நாட்டில் பக்கட் பண்ணினாலும் சிங்கம் கிடையாது. இந்தக் கண்டிப்பு இருப்பதால்தான் வெளிநாட்டுக் கடைக்காரர் சிங்கத்தைக் கண்டதும் கேள்வி கேட்காமல் கூடுதல் விலை கொடுக்கிறார். மலிவான கலப்புத் தேயிலைக்கும் அதே சிங்கம் ஏறினால், ஒழுங்காக அனுமதி எடுத்தவரின் பக்கட்டுக்கும் விலை இறங்கும்.

ஆகவே இலச்சினை என்பது அலங்காரமல்ல, இன்னொருவர் எமது பொருளுக்குச் சொல்லும் சாட்சி. அவர் சொல்லாத சாட்சியை நாமே எழுதிப் போடுவது என்ன பெயரைப் பெறும் என்பதை வாசகர்களே அறிவார்கள்.

இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். குறியும் இவ்வகையே. ஹலால் இலச்சினையிலும் இதே கதைதான். ஹலால் எனும் சொல் எவருடைய தனிச் சொத்துமல்ல. ஆனால் சான்று வழங்கும் நிறுவனமொன்றின் வட்டமும் எழுத்தமைப்பும் அந்நிறுவனத்துக்குரியவை. ஒரு பொருளுக்குப் பெற்ற சான்றை அதே முதலாளியின் இன்னொரு பொருளுக்கு நீட்ட முடியாது. தவணை முடிந்த சான்றும் அப்படியே. 2013 வரை அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா செய்துவந்த இப்பணி, அவ்வாண்டின் சர்ச்சைகளுக்குப் பின்னர் 2014 இல் தனியானதொரு நிறுவனத்திடம் கைமாறியது. இப்படி வழங்குநர் மாறும்போது, கையிருப்பில் உள்ள பழைய பொதிகளை என்ன செய்வதென்று எழுத்தில் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

அடுத்தது பாமசிகளின் பெயர்ப் பலகை. வெள்ளையில் சிவப்புச் சிலுவை கீறினால் மருந்துக் கடை என்று எவருக்கும் விளங்கும் என நினைக்கிறோம். சிலுவை வேண்டாம் என்று சிவப்புப் பிறை போடுபவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றே. சிவப்புச் சிலுவை 1864 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் வந்தது. சிவப்புப் பிறையை 1876 இல் உஸ்மானியப் பேரரசு பயன்படுத்தத் தொடங்கியது. 1929 உடன்படிக்கை அதையும் ஏற்றுக்கொண்டது. யுத்த களத்தில் காயப்பட்டவரையும் வைத்தியரையும் சுடாதே என்று சொல்லும் அடையாளங்கள் அவை. தெருவுக்குத் தெரு கடைப் பலகையில் தொங்கினால் களத்தில் அவற்றுக்கு என்ன மரியாதை இருக்கும்? 1949 ஆம் ஆண்டு உடன்படிக்கை வியாபாரப் பயன்பாட்டைத் தடை செய்கிறது. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டமும் உண்டு. மருந்துக் கடைக்குப் பச்சைச் சிலுவை பல நாடுகளில் வழக்கம். பெயரை மட்டும் பெரிதாக எழுதினாலும் வாடிக்கையாளர் வருவார்.

அரசுகளின் கொடி, சின்னம், அரசுகளுக்கிடையிலான சர்வதேச அமைப்புகளின் இலச்சினை, சுருக்கப் பெயர் என்பவற்றை அனுமதியின்றி எவரும் தம் குறியாகப் பதிய முடியாது. பரிஸ் உடன்படிக்கையும் எமது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டமும் இதைச் சொல்கின்றன. பதிவு செய்யப்பட்ட குறியை வேண்டுமென்றே மீறினால் நட்டஈட்டு வழக்கு மட்டுமல்ல, நீதவான் முன்னிலையில் அபராதம், சிறை என்பவற்றுக்கும் இடமுண்டு. போலிக் குறி அச்சிடக் கட்டை செய்து கொடுப்பவனையும் சட்டம் விட்டு வைப்பதில்லை. எனவே இதை எழுதுவதில் என் சுயநலமும் கொஞ்சம் இருக்கிறது!

சுருக்க எழுத்து அற்ப விடயம் என்று எண்ண வேண்டாம். தொலைக்காட்சியில் எமது பிள்ளைகள் பார்த்த மல்யுத்தக் கொம்பனி, டபிள்யூ.டபிள்யூ.எஃப். எனும் மூன்று எழுத்துகளுக்காகப் பாண்டாக் கரடிச் சின்னமுள்ள இயற்கைப் பாதுகாப்பு நிதியத்துடன் இங்கிலாந்து நீதிமன்றம் வரை போனது. 1994 இல் தாமே கையெழுத்திட்ட உடன்பாட்டை மீறியதாக 2001 இல் தீர்ப்பானது, மேன்முறையீடும் தோற்றது. 2002 இல் உலகமே அறிந்த பெயரை டபிள்யூ.டபிள்யூ.ஈ. என மாற்ற வேண்டியதாயிற்று.

இனி எமது பக்கம். ஊருக்கு ஊர் வர்த்தகர் சங்கம், கைத்தொழிலாளர் சங்கம் என்று வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் கடிதத் தலைப்பில் ஓர் இலச்சினை. அது யாருடையது என்று கேட்டால் செயலாளர் தலைவரைப் பார்ப்பார், தலைவர் பொருளாளரைப் பார்ப்பார். சங்கம் ஒன்றாக இருக்கும்வரை கேள்வி எழாது. நிர்வாகத் தெரிவில் பிணக்கு வந்து இரண்டாகப் பிரிந்த மறுநாள் இரு தரப்பும் அதே இலச்சினையுடன் சந்தா பற்றுச்சீட்டு அடிக்கும். அப்போது அது தலைவரின் தனிப்பெயரில் பதியப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதற்கு வழி இருக்கிறது. சட்டத்தில் கூட்டுக் குறி என்று ஒரு வகை உண்டு. சங்கம் உரிமையாளராகவும் அங்கத்தவர்கள் பயன்படுத்துவோராகவும் இருக்கலாம். யார் போடலாம், எந்தப் பொருளில் போடலாம், எப்போது பறிக்கப்படும் என்ற நிபந்தனைகளை விண்ணப்பத்துடன் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். குறி பிரசுரிக்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் எவரும் ஆட்சேபிக்கலாம். பதிவு 10 வருடங்களுக்கு. பின்னர் பத்துப் பத்தாகப் புதுப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்த சான்றிதழ் இதற்கு ஈடாகாது. அது பெயரைப் பதிந்ததற்கு அத்தாட்சி மட்டுமே.

இன்னுமொன்று. இலச்சினையை வரைந்தவர் சங்கத்தின் சம்பளக்காரரல்லாத வெளி ஓவியராக இருந்தால், காசு கொடுத்துவிட்டோம் என்று சும்மா இருக்கக் கூடாது. சித்திரத்தின் பதிப்புரிமை முதலில் வரைந்தவருக்கே சேரும். அதைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றுவதாயின் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும். வரைந்தவர் ஊரில் இருக்கும்போதே அதை வாங்கிக் கோவையில் போட்டுவிடுங்கள்.