ஒரே சொல், நாலு பொருள்

2023 செப்டம்பர் 15 அன்று நம்ம காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. அப்போது பிள்ளையார்பாளையத்து அக்கா ஒருவர் பயந்து போய்க் கேட்டார்: "1,000 ரூபாய் கிரெடிட்னு மெசேஜ் வந்திருக்கு. நான் கடனே வாங்கலையேம்மா!"

அகராதியில் 'கிரெடிட்' என்றால் நம்பிக்கை, நற்பெயர், கடன், வரவு. மூலமான இலத்தீன் சொல்லுக்கு 'நம்பு' என்று பொருள். நம்பித்தானே கடன் தருகிறோம்?

* பாஸ்புக்கில் கிரெடிட்: வரவு. கூலி வந்தாலும் கடன் தொகை வந்தாலும் இதே சொல்தான்.
* சேலையைக் கிரெடிட்டில் கொடுத்தால்: கடன்.
* கிரெடிட் ஸ்கோர்: நம் நாணயத்துக்கு 300 முதல் 900 வரை மதிப்பெண். தவணை தவறினால் குறையும்.

ஆகவே சகோதரிகளே, கிரெடிட்னு பார்த்ததும் பயப்படவும் வேண்டாம், உடனே செலவழிக்கவும் வேண்டாம். யார் போட்ட பணம், திருப்பிக் கட்டணுமா என்று வங்கியில் கேட்டு, நோட்டில் எழுதி வையுங்க.