பட்சிகள் தங்கும் ஏரிகளும் டிரோன் விளையாட்டும்

செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கல் ஏரியின் கீழ்ப் பயிரிடும் குடியானவர்கள், நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் முதலிய பட்சிகளின் எச்சம் கலந்த நீரைத் தலைமுறை தலைமுறையாக வயலுக்குப் பாய்ச்சி வருகின்றனர். இது செலவில்லாத உரமாகும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அப்பட்சிகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு பெற்றனர். இக்காலத்தில் அத்தகைய ஏரிகளுக்கு வந்திருக்கும் புதிய தொல்லை, படம் பிடிக்கும் பொருட்டு விளையாட்டாகப் பறக்கவிடும் டிரோன்.

டிரோன் பட்சியைக் கொல்வதில்லையே என்பார் உளர். கொல்ல வேண்டுவதில்லை. தலைக்குமேல் இரைந்து வருவதைக் கண்டு தாய்ப்பட்சி வெருண்டு கூட்டை விட்டெழும். அதற்குள் முட்டை வெயிலிற் கெடும், அல்லது காக்கை கொண்டுபோகும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் போல்சா சிக்கா என்னும் கடலோரச் சதுப்பு நிலத்தில், 2021ஆம் வருஷம் மே மாதம், தரையிற் கூடு வைக்கும் ஆலாக்களின் நடுவே ஒரு டிரோன் விழுந்தது. பட்சிகள் கூட்டத்தோடு ஓடிப்போயின. 1,500க்குக் குறையாத முட்டைகள் அடைகாப்பாரின்றி வீணாயின.

நம் தேசத்தில் 2021ஆம் வருஷத்து டிரோன் விதிகளின்படி, 2 கிலோ எடைவரையுள்ள டிரோனை வியாபார நோக்கமின்றிப் பறக்கவிடுவோர்க்கு விமானிச் சான்றிதழ் வேண்டுவதில்லை. சர்க்கார் வரைபடத்திற் பச்சையாகக் காட்டிய இடங்களில் 400 அடிவரை தனி அனுமதியும் வேண்டுவதில்லை. இதைக்கொண்டு பச்சை நிறமே பூரண அனுமதி என்று பலர் எண்ணுவது பெரும் பிழை. விமான விதி வேறு. வனஜீவராசிச் சட்டம் வேறு. 1972ஆம் வருஷத்து அச்சட்டத்தில் 'வேட்டை' என்னும் சொல், காட்டுப் பட்சிகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் உட்கொண்டது. சரணாலயத்தினுள் வேட்டைக் குற்றம் ருசுவானால் 3 முதல் 7 வருஷம்வரை சிறையும், ரூ. 25,000க்குக் குறையாத அபராதமும் உண்டு. அட்டவணையிற் கண்ட பட்சிகள் சரணாலயத்திற்கு வெளியே, பட்டாதாரின் சொந்தத் தோப்பில், கூடு கட்டினும் சட்டத்தின் காப்பு அவற்றிற்கு உண்டு. இதைப் பட்டாதார்களிற் பலர் அறியார்.

மருந்து தெளிக்கும் டிரோனை வாடகைக்கு அமர்த்துவோர், வேடந்தாங்கலைப் போன்ற இடங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை, கூடுள்ள மரங்களை ஒட்டிய வயல்களிற் கைத்தெளிப்பானையே உபயோகித்தல் நலம். வெளியூரார் கூடுகளின்மேல் டிரோன் விடக் கண்டால், கிராம அதிகாரி அதைப் பிடுங்கவோ கல்லெறிந்து வீழ்த்தவோ இடங்கொடுக்கலாகாது. விழும் டிரோனே பட்சிகளை அதிகம் வெருட்டும். அதனை மெதுவாக விலக்கி இறக்கச் செய்து, பதிவெண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, வனச்சரக அதிகாரிக்கு அன்றே தெரிவிக்க வேண்டும்.