வளையும் ஒளித்தகடும் வைத்தியமும்

ஒளியைக் கொண்டு பிணி தீர்க்கும் முறை புதியதன்று. டென்மார்க் நாட்டு மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன், கார்பன் வில் விளக்கின் ஒளியைச் சருமக் காசநோயின்மீது செலுத்திக் குணம் கண்டு, 1903-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அன்றுதொட்டு விளக்குகள் பலவாறு திருந்தியுள்ளன. ஆயினும் நோயாளியே விளக்கை நாடிச் சென்று அதன் முன்னே அசையாதிருக்க வேண்டும் என்ற நிலை பெரிதும் மாறவில்லை. மனித உடலில் தட்டையான இடம் மிகக் குறைவு. உடலின் வளைவுக்கேற்ப வளைந்து, சருமத்தோடு ஒட்டிக் கிடந்து ஒளி தரும் தகடு கிடைக்குமாயின் வைத்தியம் வெகுவாக எளிதாகும். கரிம ஒளி உமிழ் தகடுகளை மருத்துவ ஆராய்ச்சியாளர் ஆர்வத்துடன் நோக்குவதற்கு இதுவே காரணமாகும்.

இத்தகட்டின் அமைப்பு எளியது. இரு மின்வாய்களுக்கிடையே கரிமச் சேர்மங்களாலான மெல்லிய படலங்கள் உள்ளன. ஒரு மின்வாயிலிருந்து எலெக்ட்ரான்களும், மற்றதிலிருந்து எலெக்ட்ரான் இல்லாக் குழிகளும் படலத்துள் புகுந்து ஒன்றையொன்று சந்திக்கின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலில் ஒரு பகுதி ஒளியாகிறது. படலங்களின் தடிப்பு, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்கிட்டால் ஒரு பங்கு என்னும் அளவினது. அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த டாங், வான் ஸ்லைக் என்போர் 1987-இல், பத்து வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் பிரகாசமாக ஒளிரும் தகட்டைச் செய்து காட்டினர். கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கின்மீது அமைந்து வளையக்கூடிய தகடு 1992-இல் வெளிவந்தது. இன்று கைப்பேசித் திரைகளில் இது சாதாரணமாகிவிட்டது.

ஒளி உடலினுள் செல்லுமா என்று மாணவர் வினவக்கூடும். இருட்டறையில் கைவிளக்கை ஏற்றி, அதன் வாயை விரல்களால் மூடிக் காட்டுதல் நன்று. விரல்கள் செந்நிறமாகத் தோன்றும். பச்சையும் நீலமும் இரத்தத்தால் மிகுதியாக உறிஞ்சப்பட, சிவப்பு மட்டும் ஊடுருவி வெளிவருகிறது. மேற்கொண்டு கூறப்படுவன யாவும் இச்சிறு சோதனையில் அடங்கியிருக்கின்றன எனலாம்.

இரத்தத்தின் பிராணவாயு அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரைக் களப்பணியாளர் நன்கறிவர். அதன் அடிப்படைத் தத்துவத்தை 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி வெளியிட்டார். பிராணவாயு ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் சிவப்பையும் அகச்சிவப்பையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. நாடித் துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் பிரித்துக் கணக்கிட்டால் விடை கிடைக்கும். 2014-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் கரிமப் பொருள்களாலேயே ஒளிமூலத்தையும் ஒளியுணரியையும் செய்து, அகச்சிவப்புக்குப் பதில் பச்சை ஒளியைப் பயன்படுத்தினர். வழக்கிலுள்ள கருவியோடு ஒப்பிட, நாடியில் 1 சதவீதமும் பிராணவாயுவில் 2 சதவீதமுமே பிழை இருந்தது. 2018-இல் அவர்களே, விரலை ஊடுருவும் ஒளிக்குப் பதிலாகச் சருமத்திலிருந்து திரும்பி வரும் ஒளியை அளக்கும் வளையும் தகட்டை அமைத்தனர். இதனை நெற்றியிலும் வைக்கலாம். டோக்கியோ பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட கருவியின் மொத்தத் தடிப்பு மூன்று மைக்ரோமீட்டரே. தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சருமத்தின் கருநிறமியும் ஒளியை உறிஞ்சும். 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் காட்டிய அளவீடுகளுள், தமனி இரத்தத்தின் உண்மை அளவு 88 சதவீதத்துக்கும் கீழே இருந்தவை வெள்ளையரிடம் 3.6 சதவீதமாகவும் கறுப்பரிடம் 11.7 சதவீதமாகவும் காணப்பட்டன. விளக்கு கரிமப் பொருளால் ஆனதால் மட்டும் இப்பிழை ஒழியாது. நம் நாட்டில் பல நிறச் சருமத்தினரும் வாழ்கின்றனர். ஆகவே மூச்சுத் திணறும் நோயாளியின் தோற்றத்தைப் பாராமல் எண்ணை மட்டும் நம்புதல் எக்கருவியிலும் தகாது.

பிறந்த குழந்தைகளின் மஞ்சள் காமாலைக்கு நீல ஒளி சிறந்த சிகிச்சையாகும். இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் நிறம் குறைந்திருந்ததைச் செவிலியர் ஒருவர் கவனித்ததிலிருந்து இது தொடங்கிற்று. ஆய்வு முடிவு 1958-இல் வெளியாயிற்று. நீல ஒளி பிலிருபினின் மூலக்கூற்று வடிவத்தை மாற்ற, அது உடலிலிருந்து எளிதில் வெளியேறுகிறது. மிகுந்த பிலிருபின் மூளையை அடைந்தால் நிலையான ஊனமோ மரணமோ நேரும். இன்றைய முறையில் குழந்தை கண் மறைக்கப்பட்டு, தாயைப் பிரிந்து விளக்கின்கீழ்க் கிடக்கிறது. ஒளியிழைப் போர்வைகள் இக்குறையை ஓரளவு போக்கியுள்ளன. கொரிய அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைக் கழகத்தார் 2022-இல் துணியின்மீதே நீலக் கரிம ஒளித்தகட்டை அமைத்துப் பிலிருபினைக் குறைத்துக் காட்டினர். இது ஆய்வுக்கூட வெற்றியே. தொட்டிலுக்கு வர இன்னும் காலமாகும். அதுவரை, பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் நிறம் தோன்றிய குழந்தையை வெயிலில் காட்டிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

மனிதரிடம் நேரே சோதிக்கப்பட்டது சருமப் புற்றுநோய்ச் சிகிச்சையாகும். பூசப்படும் மருந்து நோயுற்ற செல்களில் ஒளியுணர் பொருளாக மாறுகிறது. செவ்வொளி பட்டதும் பிராணவாயு வீரியமடைந்து அச்செல்களை அழிக்கிறது. மருத்துவமனை விளக்கின் கடும் ஒளியில் வலி மிகுதி. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தாரும் டண்டீ நகர மருத்துவர்களும், மெல்லொளியை நெடுநேரம் தரும் சிறு கரிமத் தகட்டை 12 நோயாளிகளின் உடலில் ஒட்டினர். 2009-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப் பின் எழுவருக்கு நோய் திரும்பவில்லை, வலியும் சொற்பமே. எஞ்சிய ஐவருள் நால்வருக்குக் கட்டியின் ஓரங்களில் சிகிச்சை பயன்படவில்லை. தகட்டின் ஒளி கட்டியின் எல்லையைத் தாண்டிப் பரவ வேண்டியதன் அவசியத்தை இது காட்டுகிறது.

இத்தகட்டின் பெரும் பகை நீராவி. நாளொன்றுக்கு ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் புகலாகாது என்பது பொதுவாகக் கூறப்படும் வரம்பு. சாதாரணப் பிளாஸ்டிக் இதனினும் லட்சக்கணக்கான மடங்கு ஈரத்தை விடுகிறது. கண்ணாடி காக்கும், ஆனால் அது போதிய அளவு வளையாது. ஆகவே ஆக்சைடு படலங்களையும் பிளாஸ்டிக் படலங்களையும் மாறி மாறி அடுக்கி மூடுகின்றனர். வியர்க்கும் சருமத்தின்மீது பல நாள் கிடக்க வேண்டிய கருவிக்கு இம்மூடியே விலையையும் ஆயுளையும் பெரிதும் தீர்மானிக்கிறது.