34ஆவது நகர்த்தலில் ஒரு சமக்குறி

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய நோட்டேஷன் தாளை வைத்து ஆட்டம் முழுவதையும் போர்டில் நகர்த்திப் பார்த்தேன். உன் ரேட்டிங் 1620, எதிரே 2010. டிரா. பதினெட்டு வயதுக்குள் இருப்பதால் உன் கே-ஃபேக்டர் 40. இந்த ஓர் ஆட்டத்திலேயே 16 புள்ளி ஏறும். வீட்டில் கேசரி கிண்டினார்களாமே, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 34ஆவது நகர்த்தலுக்குப் பக்கத்தில் நீ போட்டிருக்கும் சமக்குறி என்னை உறுத்துகிறது. டிரா கேட்டவன் நீ.

யானை முடிவாட்டம். உனக்கு ஒரு சிப்பாய் கூடுதல். உன் ராஜா நடுப்பலகைக்கு வந்தாயிற்று. எதிராளியின் யானையோ தன் சிப்பாயைக் காத்துக்கொண்டு முடங்கிக் கிடக்கிறது. அவர் கடிகாரத்தில் நான்கு நிமிடம், உன்னுடையதில் பதினொன்று. கேட்ட மாத்திரத்தில் கை கொடுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். கொடுக்காமல் என்ன செய்வார்? நிலையைப் பார்த்தா கேட்டாய்? பேரிங் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்துக் கேட்டுவிட்டாய்.

எண் மட்டும் ஆட்டத்தை முடிவு செய்யாது என்பதற்கு ஈ.சி.ஆரில் இருக்கும் பூஞ்சேரியே சாட்சி. 2022 செஸ் ஒலிம்பியாடின் மூன்றாம் சுற்றில் அங்கேதான் இத்தாலியின் வொகாட்டூரோ, தன்னைவிட ஏறக்குறைய 250 புள்ளி கூடுதலான நார்வேயின் கார்ல்சனோடு டிரா செய்தார். நார்வே அன்று 1–3 என்று தோற்றது. அதே அரங்கில் பத்தாம் சுற்றில், முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றிருந்த குகேஷ், அப்துசத்தோரோவுக்கு எதிரே சாதகமான நிலையை விடாமல் இழுத்து, நேர நெருக்கடியில் தவறித் தோற்றார். அந்தத் தோல்வியோடு, கிடைத்தது போதும் என்று ஒதுங்கும் பழக்கம் வந்திருக்கலாம். வரவில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம். யானை, பிஷப், கூடுதலாக ஒரே ஒரு சிப்பாய். டிராதான் என்று பலரும் முடிவு கட்டிய பிறகும் ஆடிக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். பதினெட்டு வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

ஒரு சிப்பாய் கூடிய யானை முடிவாட்டங்கள் பலவும் டிராவில்தான் முடியும். ஒத்துக்கொள்கிறேன். அதை உன் எதிராளி ஆடிக் காட்டட்டும். பயம் வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடி, ரேட்டிங்கை மற, அடுத்த நகர்த்தலைத் தேடு. அவரே டிரா கேட்டாலும் நிலையைப் பார்த்த பிறகு பதில் சொல்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது அந்த நிலையை அடுக்கி வை. நான் கறுப்பில் உட்காருகிறேன். எனக்கு நான்கு நிமிடம், உனக்குப் பதினொன்று.

அன்புடன்,
அண்ணன்