மோட்டார் எரியாமல் காக்கும் மும்முனை மின்சாரக் கணக்கு

நெல் கதிர் விடும் நாட்களில் வயலில் ஈரம் குறையக் கூடாது. அந்த நேரம் பார்த்துப் பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால், அதைக் கழற்றி நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சுருள் மாற்றி வருவதற்குள் பல நாட்கள் ஓடிவிடும். சுருள் கட்டும் செலவைவிடப் பயிரில் ஏற்படும் இழப்பே பெரிது. உழவியல் ஆசிரியனான நான் மின்சாரக் கணக்கைப் பற்றி எழுத வந்த காரணம் இதுதான். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எந்த உழவரும் இக்கணக்குகளைப் போடலாம்.

மும்முனை என்றால் என்ன?

உங்கள் மோட்டாருக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று முனைகளில் மின்சாரம் வருகிறது. ஒரே உரலில் மூன்று பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் போல, மூன்று முனைகளும் சம இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்தை அடைகின்றன. அதனால் மோட்டார் சீராகச் சுழல்கிறது. ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே 240 வோல்ட் இருந்தால், இரு முனைகளுக்கு இடையே சுமார் 415 வோல்ட் இருக்கும். 240ஐ 1.732ஆல் பெருக்கினால் இது கிடைக்கும். மூன்றின் வர்க்கமூலமான இந்த 1.732தான் மும்முனைக் கணக்குகளுக்குத் திறவுகோல்.

கணக்கு 1: மோட்டார் எத்தனை ஆம்பியர் எடுக்க வேண்டும்?

5 குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆகவே மோட்டார் தரும் திறன் 5 × 746 = 3,730 வாட். கொடுக்கும் மின்சாரத்தில் 80 சதவீதம் வேலையாக மாறுகிறது எனக் கொண்டால், மோட்டார் எடுப்பது 3,730 ÷ 0.8 = 4,662 வாட். பவர் பேக்டர் 0.8 என்போம்.

ஆம்பியர் = வாட் ÷ (1.732 × வோல்ட் × பவர் பேக்டர்)
= 4,662 ÷ (1.732 × 415 × 0.8)
= 8.1 ஆம்பியர்

சுருக்கமாக, ஒரு குதிரைத்திறனுக்குச் சுமார் 1.6 ஆம்பியர் என்று நினைவில் கொள்ளலாம். மோட்டாரின் பெயர்ப்பலகையில் ஆம்பியர் குறிக்கப்பட்டிருந்தால் அதையே கணக்கில் கொள்ள வேண்டும்.

கணக்கு 2: மின் அழுத்தம் 350 வோல்ட்டாகக் குறைந்தால்?

வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறையும் என்று பலர் எண்ணுகின்றனர். கிணற்றின் ஆழம் குறையவில்லை. பம்பு கேட்கும் வேலையும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. அந்த வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் ஆம்பியரை இழுக்கிறது.

4,662 ÷ (1.732 × 350 × 0.8) = 9.6 ஆம்பியர்

சுருளில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் 1.18 மடங்கானால் சூடு 1.4 மடங்காகும். இவ்வாறு நாள்தோறும் ஓடும் மோட்டாரில் சுருளின் மேற்பூச்சு விரைவில் கருகிவிடும்.

கணக்கு 3: ஓடும்போது ஒரு முனை போய்விட்டால்?

ஒரு பியூஸ் போனாலும், ஓர் இணைப்பு தளர்ந்தாலும் இது நேரலாம். மோட்டார் உடனே நிற்பதில்லை. எஞ்சிய இரு முனைகளைக் கொண்டு உறுமிக்கொண்டே ஓடும். இப்போது அது ஒருமுனை மோட்டாராகிவிட்டதால், வகுக்கும் எண்ணில் 1.732 இராது.

4,662 ÷ (415 × 0.8) = 14 ஆம்பியர்

8.1 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 14 ஆம்பியர் ஓடுகிறது. ஸ்டார் முறையில் இணைத்த மோட்டாரில் இரண்டு சுருள்கள் மூன்று மடங்கு சூடாகும். டெல்டா முறையில் ஒரு சுருள் மட்டும் வழக்கத்தைப்போல் இரு மடங்கு ஆம்பியரைத் தாங்குவதால், நான்கு மடங்கு சூடாகும்.

எரிந்த மோட்டாரைப் பிரிக்கும்போது அருகில் இருந்து பாருங்கள். சுருளில் மூன்றில் இரண்டு பங்கோ ஒரு பங்கோ மட்டும் கருகி, மற்றது நன்றாக இருந்தால் ஒரு முனை போனதே காரணமாக இருக்கலாம். சுற்றிலும் ஒரே சீராகக் கருகியிருந்தால் குறைந்த வோல்ட், அதிகச் சுமை, பேரிங் பிடித்தல் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். காரணத்தை அறியாமல் சுருளை மட்டும் மாற்றினால் மோட்டார் மீண்டும் எரியும்.

செய்ய வேண்டியவை

1. ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேயைப் பெயர்ப்பலகை ஆம்பியருக்கே வைக்க வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று 14க்குத் திருகிவிட்டால், ஒரு முனை போனாலும் ரிலே காப்பாற்றாது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே சுருளோடு தொடராக இருந்தால், பெயர்ப்பலகை ஆம்பியரை 1.732ஆல் வகுத்து வைக்க வேண்டும். நம் மோட்டாருக்கு இது 4.7 ஆம்பியர்.

2. ஒரு முனை போனதும் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரைப் பொருத்துங்கள்.

3. பியூஸ் போனால் அதே அளவுக் கம்பியையே போடச் செய்யுங்கள்.

4. உறுமல் கேட்டால் உடனே நிறுத்துங்கள். மூன்று முனைகளும் வருவதை உறுதி செய்யாமல் மீண்டும் ஓட்ட வேண்டாம்.

5. தண்ணீர் முழு அளவில் பாயும்போது, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு டாங் டெஸ்டரால் மூன்று முனைகளின் ஆம்பியரையும் அளக்கச் செய்யுங்கள். ஈரக் கையோடு நீங்களே ஸ்டார்ட்டரைத் திறக்க வேண்டாம். மோட்டார் போனால் மாற்றலாம். உயிர் போனால் மாற்றாகாது.

நீங்களே போட்டுப் பாருங்கள்

415 வோல்ட்டில் 7.5 குதிரைத்திறன் மோட்டார் எத்தனை ஆம்பியர் எடுக்கும்? மற்ற அளவுகளை முதல் கணக்கில் உள்ளபடியே கொள்க. விடை 12.2 ஆம்பியர். அடுத்து உங்கள் மோட்டாருக்குரிய எண்ணைக் கண்டு, மோட்டார் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். அளந்து வரும் எண் அதைத் தாண்டும் நாளில் காரணத்தைத் தேடினால், கதிர் விடும் நாளில் மோட்டார் நிற்காது.