வீசம் அங்குலமும் ஒட்டுப்போர்வையும்

சிறுமையென்று இகழத்தக்க பிழை யாதொன்றும் இல்லை. ஒருமுறை நிகழுங்கால் கண்ணுக்குப் புலனாகாத பிழை, பன்முறை அடுக்கி நிகழுங்கால் பெருங்கேடாய் முடியும். இவ்வுண்மையைக் கணித நூலினும் தெளிவாகக் கற்பிக்கவல்ல கைத்தொழில் ஒன்றுண்டு. அது, துணியை நீண்ட கீற்றுகளாக வெட்டி இணைத்து ஒட்டுப்போர்வை தைக்கும் தொழிலாம்.

பழஞ்சேலைகளை மடித்து அடுக்கித் தைத்துக் குழந்தைகளுக்கு விரிக்கும் வழக்கம் நம் இல்லங்களில் நெடுநாளாக உள்ளது. வங்காளத்தில் காந்தா என்றும், வடகன்னடத்துச் சித்தி மக்களிடையே கவந்தி என்றும் வழங்கும் போர்வைகள் இவ்வினத்தைச் சார்ந்தனவே. தஞ்சை, கும்பகோணப் பகுதிகளில் தேருக்கு அணிசெய்யும் தொம்பைகளும் வண்ணத் துணிகளை வெட்டி வைத்துத் தைக்கப்படுவனவாம்.

1996ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்தினின்று பிரிந்த நம் தேனி மாவட்டத்திற்கு இத்தொழில் மிகவும் ஏற்றது. ஆண்டிப்பட்டியை அடுத்த சக்கம்பட்டி பருத்திச் சேலை நெசவிற் பெயர்பெற்றது. கம்பம், சின்னமனூர், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களின் தையற்கடைகளில் துண்டுத் துணிகளுக்குக் குறைவில்லை. மேகமலைத் தேயிலைத் தோட்டங்களின் குளிருக்குப் போர்வையும் வேண்டும். ஆயினும், அளவு பிறழ வெட்டிய கீற்று எதற்கும் உதவாது. நெய்தவர் உழைப்பும் வெட்டியவர் உழைப்பும் ஒருங்கே வீணாகும். ஆதலின் வெட்டும் முறையை இங்குச் சுருக்கி உரைப்பாம்.

முதலாவது அறியவேண்டுவது நூலோட்டம். தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டப்படுவது பாவு. அதனூடே குறுக்காகச் செல்வது ஊடை. பாவின் வழியே துணி மிகக் குறைவாக நீளும். ஊடையின் வழியே சிறிது நீளும். இரண்டிற்கும் இடையே மூலைவாட்டில், தையற்காரர் ‘கிராஸ்’ என்னும் போக்கில், மிகுதியும் நீளும். ஆகவே நீண்ட கீற்றுகளைப் பாவின் வழியே வெட்டுதல் நலம்.

வெட்டுமுன் துணியை நீரில் நனைத்து நிழலில் உலர்த்துக. கஞ்சி நீங்கிச் சுருங்கவேண்டிய அளவு முன்னரே சுருங்கிவிடும். பின்னர் இஸ்திரிப் பெட்டியை இழுக்காது, எடுத்தெடுத்து அழுத்துக. இழுப்பின் நூலோட்டம் கோணும். கரை நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால் அதனை நீக்கிவிடுக. கரையை அடுத்த பாவுநூல் ஒன்றை மெல்ல உருவினால் மெல்லிய கோடு தோன்றும். அக்கோட்டின்மேல் வெட்டுவதே நேரான முதல் விளிம்பாகும்.

இனி அளவு. தைத்தபின் 2 அங்குலம் தோன்றவேண்டின், இருபுறமும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு 2½ அங்குலமாக வெட்டல் வேண்டும். கரை நீக்கியபின் 36 அங்குல அகலமுள்ள துணியில் 14 கீற்றுகள் கிடைக்கும். 1 அங்குலம் எஞ்சும். பதினான்கையும் இணைத்தால் ஓரத் தையல்விடுகை உட்பட 28½ அங்குலம் வரவேண்டும். ஒவ்வொரு கீற்றும் வீசம் அங்குலம், அஃதாவது 1/16 அங்குலம், குறைந்ததாகக் கொள்வோம். மொத்தக் குறைவு முக்காலே அரைக்கால் அங்குலம். மற்றொருவர் வெட்டிய கீற்றுகள் அவ்வாறே வீசம் மிகுந்திருப்பின், இருவர் தைத்த பகுதிகளும் ஒன்றே முக்கால் அங்குலம் வேறுபடும். அவற்றைப் பொருத்தித் தைப்பது இயலாது.

இப்பிழையைத் தடுக்கும் வழி யாது? ஒரு கீற்றை வெட்டி, அதன் விளிம்பிலிருந்து அடுத்ததை அளப்பின், முன்னதன் பிழை பின்னதையும் இடம்பெயர்த்துக்கொண்டே செல்லும். அவ்வாறன்றி, முதல் விளிம்பு ஒன்றிலிருந்தே 2½, 5, 7½, 10 என்று துணியின் இருமுனையிலும் குறியிட்டுக் கோடு கிழிக்க வேண்டும். நாட்பட்ட தையல் நாடா நீண்டிருக்கக்கூடும். மரத்தாலோ உலோகத்தாலோ ஆன அளவுகோலே தக்கது. கோட்டிற்கும் பருமன் உண்டாதலின், எப்பொழுதும் அதன் ஒரே பக்கத்தில் வெட்டுக.

கத்தரியின் கீழலகு மேசையைத் தொட்டே செல்லவேண்டும். துணியைத் தூக்கிப் பிடித்து வெட்டலாகாது. துணியை மடித்து வெட்டுங்கால், வெட்டும் கோடு மடிப்புக்குச் செங்கோணமாக இல்லையேல், விரித்த கீற்று முழங்கைபோல் வளைந்து நிற்கும். ஜப்பானிய ஓல்ஃபா நிறுவனம் 1979இல் வெளியிட்ட சக்கரக் கத்தி இவ்வேலையை விரைவாக்கியது. ஆயினும் அதற்கும் நேரான விளிம்பும், அசையாத அளவுகோலும் வேண்டும். அதனை உடலுக்குப் புறத்தே உருட்டுதலும், பயன்படுத்தியவுடன் அலகை மூடுதலும் மறவற்க.

நிற்க. துணி முழுவதையும் வெட்டுமுன் ஒரு சோதனை செய்தல் அறிவுடைமை. மூன்று கீற்றுகளை மட்டும் வெட்டித் தைத்து அழுத்தி, நடுக்கீற்றை அளந்து பார்க்க. சரியாக 2 அங்குலம் இருப்பின் மேற்செல்க. இல்லையேல் வெட்டிய அளவையும் தையல்விட்ட அளவையும் தனித்தனியே ஆராய்க. பிழை கையிலா, பொறியிலா என்பது விளங்கும்.

ஆய்வுக்கூடத்தில் அளவெடுக்கும் மாணாக்கனுக்கும், நிலம் அளக்கும் பொறியாளனுக்கும், கணக்கெழுதும் எழுத்தனுக்கும் இம்முறை பொருந்தும். அடிக்கோடு ஒன்றையே பற்றி நிற்க. சிறிது செய்து சோதித்தபின் பெரிது செய்க. தைத்தபின் வருந்துவதினும் வெட்டுமுன் இருமுறை அளத்தல் எளிதன்றோ?