விம்மை விடாத விரல்கள்

கணினி நிரலர் வேலையை மாற்றுவார், ஊரை மாற்றுவார். தம் உரைத்தொகுப்பியை மட்டும் இலேசில் மாற்ற மாட்டார். ஏன்?

1976-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் பில் ஜாய் 'விஐ' தொகுப்பியை எழுதினார். அவருடைய கணினி முனையத்தில் அம்புக்குறிக்கெனத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் அச்சாகியிருந்தன. எனவே அவையே கர்சரை நகர்த்தின. 1991-இல் நெதர்லாந்தின் பிராம் மூலெனார் வெளியிட்ட 'விம்' அதையே தொடர்ந்தது. 2023-இல் அவர் மறைந்தார். அந்த நான்கு விசைகள் மாறவில்லை.

விம்மில் ஒரே விசைக்கு இரண்டு வேலை. எழுதும் நிலையில் 'எக்ஸ்' வெறும் எழுத்து. கட்டளை நிலையில் கர்சர் நிற்கும் எழுத்தை அழித்துவிடும். பழகியபின் மூளை யோசிப்பதில்லை, விரலே செய்கிறது. சுங்கை சிப்புட் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் பாட்டி தம் கத்தியைப் பிறர் தொட விடமாட்டாராம். கைப்பழக்கம் அப்படி!

தமிழில் எழுதும்போதுதான் சிக்கல். முரசு அஞ்சலைத் தமிழில் வைத்தபடி எழுதும் நிலையைவிட்டு வெளியே வந்தால், கட்டளையும் தமிழாகவே போகும், விம்முக்குப் புரியாது. இதற்கு விம்முக்குள்ளேயே 'கீமேப்' வசதி உண்டு. எழுதும்போது மட்டும் தமிழ். எஸ்கேப் விசையைத் தட்டினால் விசைகள் பழையபடி கட்டளைகளாகிவிடும். விம் வளர்ச்சியில் நெடுங்காலம் பங்களித்துவரும் ஏகப்பன் லட்சுமணன் தந்த தமிழ்க் கீமேப், பழைய டிஸ்கி குறியாக்கத்துக்கு உரியது. யூனிகோடுக்கு வேண்டுமென்றால் நாமே எழுதலாம். அது சாதாரண உரைக்கோப்புதான்: இடப்பக்கம் விசைகள், வலப்பக்கம் எழுத்து, எழுத்துக்கு ஒரு வரியாக 247 வரிகள். கிரந்த எழுத்துகளுக்கு இன்னும் சில.